கந்துக்கடன் ஏந்திய குழந்தை: மகவேற்பும் இன்றைய சட்ட நெறியும்

(மகாவீரர் ஜெயந்தி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணியைத் தமிழ்ச் சமணர் தம் குலதனமாகப் போற்றுகின்றனர். மணநூல் என்றும் முத்தி நூல் என்றும் அதனைப் பாராட்டுவோர் பலர். அஃது ஒரு மகவேற்பின் வரலாறும் ஆகும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஏமாங்கத நாட்டு அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்கினாள். அங்கேயே மகவை ஈன்றாள். தன் குழந்தையை இழந்து அதனை அடக்கம் செய்ய அங்கு வந்த வணிகன் கந்துக்கடன், கிடந்த குழந்தையைக் கையில் ஏந்தினான். தும்மிய குழந்தையை ‘சீவ’ என்று வாழ்த்திய ஒலியே அதற்குப் பெயராயிற்று. அரண்மனையில் பிறந்தவன் வணிகன் மனையில் வளர்ந்தான். காப்பியத் தலைவனை ஆளாக்கியவர்கள் கந்துக்கடனும் அவன் மனைவி சுநந்தையுமே ஆவர்.

பிறர் ஈன்ற மகவைத் தம் மகவாக ஏற்பது சமண மரபுக்குப் புதிதன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. ஆயினும் மகப்பேறு வாய்க்காத இளம் தம்பதியர் தத்தெடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் வீட்டில் எழும் தயக்கமும், “எங்கே போய்க் கேட்பது, யாரைப் பிடிப்பது?” என்ற குழப்பமும் இன்றும் குறையவில்லை. குழப்பத்தை நீக்குவது சட்ட அறிவு. தயக்கத்தை நீக்குவது அற அறிவு. இரண்டையும் முறையே காண்பது இச்சொற்பொழிவின் நோக்கம்.

சமணர் வழக்கில் தத்து

பண்டைய வைதிக மரபில் தத்து என்பது பெரும்பாலும் பிதிர்க்கடனை முன்னிட்டு எழுந்தது. பிண்டமிட ஓர் ஆண்மகன் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. சமண நெறியோ, ஓர் உயிரின் நற்கதி பிறர் இடும் பிண்டத்தால் அமையாது, அவ்வுயிரின் வினையாலேயே அமையும் என்று தெளிவாகக் கூறுகிறது. ஆகவே சமணரிடையே தத்தெடுப்பு சடங்கின்பாற்பட்டதாகாமல், அன்பும் குடும்பத் தொடர்ச்சியும் பற்றிய உலகியல் வழக்காகவே நிலவியது. 1878 ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில், வட இந்தியச் சமணக் கைம்பெண் ஒருவர் கணவரின் முன் இசைவு இன்றியே தத்தெடுக்கலாம் என்பதை அச்சமூகத்தின் வழக்காக ஏற்றுக்கொண்டது. பிற சமூகத்துப் பெண்கள் பலருக்கு அவ்வுரிமை இல்லாதிருந்த காலம் அது.

பிண்டத்தின் பொருட்டுத் தத்து இல்லை என்றால், ஆண் குழந்தையே வேண்டும் என்ற பிடிவாதத்திற்கும் சமண நெறியில் வேர் இல்லை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்லலாம்.

இரு சட்டங்கள்

இந்தியாவில் சமணக் குடும்பம் ஒன்று குழந்தையை ஏற்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, 1956 ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். இச்சட்டம் பௌத்தர், சீக்கியரைப் போலவே சமணரையும் தன் வரம்பிற்குள் கொள்கிறது. ஈன்ற பெற்றோர் தம் குழந்தையை நேரடியாக மற்றொரு குடும்பத்திற்குக் கொடுப்பதும், அவர்கள் ஏற்பதும் இதன் உயிர்நாடி. தத்த ஹோமம் கட்டாயமன்று என்று சட்டமே கூறுகிறது. தங்கை மகளைத் தமக்கை ஏற்பது, தம்பி மகனை அண்ணன் ஏற்பது போன்ற உறவுக்குள் நிகழும் தத்துகள் பெரும்பாலும் இவ்வழியில் நடைபெறுகின்றன. பத்திரம் எழுதி இரு தரப்பாரும் கையொப்பமிட்டுப் பதிவு செய்தால், சட்டப்படி நடந்த தத்து என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். எனினும் இதற்கு வரம்புகள் உண்டு. மகனோ, மகன்வழிப் பேரனோ, அப்பேரனின் மகனோ உயிருடன் இருந்தால் மற்றோர் ஆண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. பெண் குழந்தைக்கும் இவ்வாறே ஒரு தடை உண்டு. ஆண் பெண் குழந்தையையோ, பெண் ஆண் குழந்தையையோ ஏற்கும்போது இருவர்க்கும் இடையே 21 வயது இடைவெளி வேண்டும். தத்துக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இச்சட்டப்படி குற்றம்.

இரண்டாவது, 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பெற்றோர் இல்லாத, கைவிடப்பட்ட, அல்லது பெற்றோரால் முறைப்படி ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளை எம்மதத்தவரும் இதன்வழி ஏற்கலாம். முன்னமே குழந்தை உள்ளவர், அதே பாலினக் குழந்தையையும் ஏற்கலாம். உறவில் குழந்தை இல்லாத தம்பதியர்க்கு உரிய அரசவழி இதுவே. இதனை நடத்துவது புதுதில்லியில் உள்ள மத்திய தத்தெடுப்பு வள ஆணையம். ‘காரா’ என்ற சுருக்கப் பெயரே வழக்கில் உள்ளது. 2022 ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் இப்போதைய நடைமுறையை வகுத்துள்ளன.

குழந்தை எவ்வாறு தத்துக்கு உரியதாகிறது?

“இக்குழந்தை யாருடையது? நாளை யாரேனும் வந்து கேட்டால் என்ன செய்வது?” என்ற அச்சமே தத்தெடுக்க விழைவோரிடம் முதலில் எழுவது. சட்டம் இவ்வச்சத்திற்கு விடை கூறிய பின்னரே குழந்தையைத் தத்துக்கு விடுகிறது.

கைவிடப்பட்ட குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்திற்குள் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின்முன் அதனை ஒப்படைத்தல் வேண்டும். குழு, பெற்றோரைக் கண்டறிய விசாரணை நடத்தும். செய்தித்தாளில் அறிவிப்பு வெளியாகும். எவரும் வாராத நிலையில், இரண்டு வயது வரையுள்ள குழந்தையாயின் இரண்டு மாதங்களுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட குழந்தையாயின் நான்கு மாதங்களுக்குள்ளும், தத்துக்குச் சட்டப்படி உரியது என அறிவித்தல் வேண்டும்.

தாய் தானே முன்வந்து குழந்தையை ஒப்படைக்கும் நிலையும் உண்டு. மணமாகாத தாயாயின் அவர் ஒருவரே கையொப்பமிடலாம். மணமானவராயின் இருவரும் வேண்டும். ஒப்படைப்பு குழந்தைகள் நலக்குழுவின்முன் நிகழும். அவர்தம் பெயர் மறைவாகக் காக்கப்படும். அதன்பின் இரண்டு மாத காலம் மறு சிந்தனைக்காக அளிக்கப்படுகிறது. அக்காலத்தில் தாய் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற வழியுண்டு. அக்காலம் கழிந்த பின்னரே குழந்தை தத்துக்கு உரியதாகும்.

தமிழ்நாட்டில் 1992 ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கப்பெற்ற தொட்டில் குழந்தைத் திட்டம், பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் பொருட்டு எழுந்தது. “கொல்ல வேண்டா, தொட்டிலில் இடுக” என்று கூறிய திட்டம் அது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமூகத்திற்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் விசயையை மீண்டும் நினைவுகூர்தல் தகும். அவள் மகவை எறிந்துவிட்டுப் போகவில்லை. அரசனின் மோதிரத்தைக் குழந்தையிடம் சேர்த்து, கந்துக்கடன் எடுத்துச் செல்லும்வரை மறைவில் நின்று கண்டாள். குழந்தையை ஒப்படைக்கும் தாய்மாரைத் தூற்றும் நாவுகள் விசயையின் கண்ணீரை எண்ணிப் பார்த்தல் நன்று.

யார் ஏற்கலாம்?

உடல்நலமும் மனநலமும் பொருள்வளமும் உடையவராய் இருத்தல் வேண்டும். பொருள்வளம் என்பது செல்வம் அன்று. குழந்தையை வளர்க்கப் போதிய நிலையான வருவாய். தம்பதியர் எனில் மணவாழ்வு இரண்டாண்டுகளேனும் நிலைத்திருத்தலும், இருவர் இசைவும் வேண்டும். தனித்து வாழும் பெண் எப்பாலினக் குழந்தையையும் ஏற்கலாம். தனித்து வாழும் ஆண், பெண் குழந்தையை ஏற்க இயலாது. குழந்தைக்கும் பெற்றோர் ஒவ்வொருவர்க்கும் இடையே 25 வயது இடைவெளி வேண்டும்.

வயது வரம்பு பலர் அறியாதது. இரண்டு வயது வரையுள்ள குழந்தையை ஏற்கத் தம்பதியர் இருவர் வயதின் கூட்டுத்தொகை 85ஐ மிகுதல் கூடாது, தனியர்க்கு 40. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்குக் கூட்டுத்தொகை 90, தனியர்க்கு 45. நான்கு முதல் எட்டு வயது வரை 100, தனியர்க்கு 50. அதற்கு மேல் 110, தனியர்க்கு 55. மருத்துவம், நேர்த்தி, காத்திருப்பு என்று ஆண்டுகளைக் கழித்து, நாற்பத்தைந்தாம் வயதில் கைக்குழந்தை வேண்டும் என்று வருவோர் ஏமாற்றம் அடைவது இதனாலேயே. முடிவை உரிய காலத்தில் எடுத்தல் வேண்டும் என்பதே இதன் பாடம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளை உடையவர்கள், உறவுக் குழந்தை நீங்கலாக, சிறப்புத் தேவையுடைய குழந்தைகளையும், எளிதில் பெற்றோர் அமையாத குழந்தைகளையுமே ஏற்கலாம்.

படிப்படியாக நடைமுறை

முதற்படி பதிவு. காராவின் இணையதளத்தில் பதிவு செய்து, அடையாளச் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்று, மருத்துவச் சான்று, அறிந்தோர் இருவரின் பரிந்துரைக் கடிதம் முதலியவற்றைச் சேர்த்தல் வேண்டும். இணையம் பழகாதவர்க்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு துணை செய்யும். இடைத்தரகர் எவரும் தேவையில்லை.

இரண்டாம் படி இல்ல ஆய்வு. சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டிற்கு வருவார். வீட்டின் அழகை அவர் அளப்பதில்லை. கணவன் மனைவி இருவரும் மனமொத்து முடிவெடுத்தனரா, மகப்பேறின்மையின் துயர் ஆறியதா, வீட்டிலுள்ள முதியோர் குழந்தையை ஏற்பரா என்பனவற்றையே ஆராய்வார். பாட்டியின் முகம் இறுகியிருந்தால் அதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இவ்வறிக்கை மூன்றாண்டுகளுக்குச் செல்லும்.

மூன்றாம் படி காத்திருப்பு. வரிசை, பதிவின் மூப்புப்படி அமையும், பரிந்துரைக்கு இடமில்லை. பதிவு செய்தோர் எண்ணிக்கை மிகுதி. சட்டப்படி தத்துக்கு உரிய, நலமுள்ள இளங்குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு. ஆகவே மூன்று ஆண்டுகளும் அதற்கு மேலும் காத்திருக்க நேர்கிறது. வயது மூத்த குழந்தையையோ, சிறப்புத் தேவையுடைய குழந்தையையோ ஏற்க மனமுடையோர்க்குக் காத்திருப்பு மிகக் குறைவு. இதயத்தில் சிறு குறை, சீரமைக்கத்தக்க உதட்டுப் பிளவு போன்றவையும் சிறப்புத் தேவை என்ற வகையுள் அடங்கலாம் என்பதைப் பலர் அறியார்.

நான்காம் படி குழந்தையின் அறிமுகம். முறை வந்ததும் குழந்தையின் புகைப்படமும் மருத்துவ அறிக்கையும் ஆய்வறிக்கையும் இணையவழி வந்து சேரும். 48 மணி நேரத்திற்குள் விருப்பத்தைத் தெரிவித்தல் வேண்டும். பின்னர்த் தத்தெடுப்பு நிறுவனத்திற்குச் சென்று குழந்தையை நேரில் காணலாம். தாம் விரும்பும் மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டி ஆலோசிக்கலாம். பல குழந்தைகளை வரிசையாக நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இங்கு இல்லை. குழந்தைக்கு ஏற்ற பெற்றோரைத் தேடுவதே இம்முறையின் கொள்கை. பெற்றோர்க்கு ஏற்ற குழந்தையைத் தேடுவது அன்று.

ஐந்தாம் படி, ஏற்பும் ஆணையும். ஏற்பைத் தெரிவித்துக் கையொப்பமிட்டபின், இறுதி ஆணைக்குக் காத்திராமல், வளர்ப்புப் பராமரிப்பு என்ற நிலையில் குழந்தை வீட்டிற்கு வந்துவிடும். முன்பு நீதிமன்றம் ஆணை வழங்கியது. 2021 ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது முதல் மாவட்ட ஆட்சியரே ஆணை வழங்குகிறார். விண்ணப்பித்த இரண்டு மாதங்களுக்குள் அதனை முடிக்கச் சட்டம் பணிக்கிறது. ஆணை கிடைத்ததும் ஏற்ற பெற்றோரின் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் பெறலாம். அன்று முதல் அக்குழந்தை எல்லா வகையிலும் அக்குடும்பத்தின் குழந்தை, சொத்துரிமையும் உண்டு. அதன்பின் இரண்டாண்டுகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து குழந்தையின் நலம் காண்பார்.

கட்டணம் ஒழுங்குமுறையில் வரையறுக்கப்பட்டுள்ளது. நிறுவனத்திடம் செலுத்தி உரசீது பெறுதல் வேண்டும். அதற்கு மேல் நன்கொடை என்ற பெயரில் எதுவும் கேட்டல் முறையன்று.

குறுக்குவழியின் கேடு

காத்திருப்பின் களைப்பில்தான் குறுக்குவழி கண்ணில் படுகிறது. “ஒரு மருத்துவமனையில் குழந்தை இருக்கிறது, பணம் கொடுத்தால் உங்கள் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம்” என்று யாரேனும் கூறினால், அது தத்தெடுப்பு அன்று, குழந்தை வணிகம். வாங்குவோரும் விற்போரும் குற்றவாளிகள். சட்டநெறிக்குப் புறம்பாகக் குழந்தையைத் தத்துக்குக் கொடுப்போர்க்கும் பெறுவோர்க்கும் மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் உண்டு. மருத்துவமனையைச் சார்ந்தோர் ஈடுபட்டால் தண்டனை மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை நீளும்.

தண்டனையினும் கொடியது ஒன்று உண்டு. உண்மை வெளிப்படும் நாளில் அன்பாக வளர்ந்த குழந்தை காப்பகத்திற்குச் செல்ல நேரும். மேலும், பொய்ச் சான்றிதழ் பொய்யாமையையும், விலைக்கு வாங்கிய குழந்தை கள்ளாமையையும் ஒருங்கே சிதைக்கும். அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார்க்கு இதில் ஐயம் எழ இடமில்லை. ஆதரவற்ற குழந்தையைக் காண்போர் 1098 என்ற எண்ணை அழைத்துத் தெரிவிப்பதே முறை.

வீட்டுக்குள் எழும் வினாக்கள்

சட்டம் வாயிற்படி வரையே வரும். அதற்கு உள்ளே எழும் வினாக்களுக்குக் குடும்பமே விடை காணல் வேண்டும்.

“என்ன குலமோ, என்ன கோத்திரமோ?” என்பது முதல் வினா. பிறப்பெடுக்கும் ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே சுமந்து வருகிறது என்பது சமண தத்துவம். பெற்றோர் உடலுக்கு வாயில். உயிருக்கு உரிமையாளர் அல்லர். பன்னிரண்டு அனுப்பிரேக்ஷைகளுள் ஏகத்துவத்தையும் அன்னியத்துவத்தையும் நாள்தோறும் சிந்திக்கும் ஒருவர், தாம் ஈன்ற மகவுக்கும் ஏற்ற மகவுக்கும் இடையே எவ்வேற்றுமையைக் காண இயலும்? இரண்டும் தமக்கு வேறான உயிர்கள். இரண்டும் தம்மிடம் சில காலம் வளர வந்தவை.

“சாதகம் எழுத முடியாதே, நாளைக்கு வரன் அமையுமா?” என்பது இரண்டாவது வினா. இது தத்துவ வினா அன்று, உண்மையான கவலை. பிறந்த நேரம் அறியாத பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வரும்போது முகம் சுளிப்பவர் வெளியார் அல்லர், உறவினரே. ஆகவே இக்கவலைக்கு விடையும் இச்சமூகத்தின் கையிலேயே உள்ளது. தத்தெடுத்து வளர்த்த பிள்ளைக்குப் பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் சில குடும்பங்கள் துணிந்து முன்வந்தால் அவ்வினா ஒரு தலைமுறையில் மறையும்.

“நமக்கென்று ஒன்று பிறந்துவிட்டால்?” என்பது மூன்றாவது. சுநந்தைக்கும் பின்னர் நந்தட்டன் பிறந்தான். சீவகனுக்கு அவன் உயிர்த்தம்பியாகவே விளங்கினான். காப்பியம் முழுதும் தேடினும் அவர்களிடையே வேற்றுமை காண்பதற்கில்லை.

பெண் குழந்தையா ஆண் குழந்தையா என்பதும் சில வீடுகளில் வழக்காகிறது. காரா வெளியிடும் கணக்குகளில், பல ஆண்டுகளாகப் பெண் குழந்தைகளே ஆண் குழந்தைகளினும் மிகுதியாக ஏற்கப்பட்டு வருகின்றனர் என்பது மகிழத்தக்க செய்தி.

உண்மையைச் சொல்லும் காலம்

யாவற்றினும் கடினமானது, குழந்தையிடம் உண்மையைக் கூறுதல். கந்துக்கடன் சுநந்தையிடம், அவள் ஈன்ற குழந்தையே உயிருடன் உள்ளது என்று கூறி மறைத்தான். அரசியற் பகை சூழ்ந்த காலத்தில் அம்மறைப்புக்குக் காரணம் இருந்தது. இருப்பினும் ஆசிரியர் அச்சணந்தி வாயிலாக ஒருநாள் உண்மை வெளிவந்தபோது சீவகன் மயங்கி வீழ்ந்தான். வளர்ந்தபின் ஒரே நாளில் அறிவிக்கப்படும் உண்மை எத்துணைப் பாரம் என்பதைத் திருத்தக்கதேவர் காட்டியுள்ளார். அச்சணந்தி அதனைப் பிறர் கதை போலத் தொடங்கி மெல்லக் கூறினார் என்பதும், மயங்கியவனைத் தேற்றினார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கன.

இன்றைய குழந்தைக்குப் பகைவர் இல்லை. மறைக்கக் காரணமும் இல்லை. மூன்று, நான்கு வயது முதலே கதையாகச் சொல்லத் தொடங்கினால் அதிர்ச்சி என்பதே நேராது. “நீ வயிற்றில் வரவில்லை, எங்களைத் தேடி வந்தாய்” என்ற எளிய சொல் போதும். வயது ஏற ஏற விவரம் கூடலாம். பெற்றோர் கூறாவிடில் பள்ளி நண்பனோ, திருமண வீட்டில் ஓர் உறவினரோ கூறுவர். அப்போது குழந்தை இழப்பது தன் பிறப்புக் கதையை அன்று, பெற்றோர்மீது கொண்ட நம்பிக்கையை. பதினெட்டு வயது நிறைந்தவர் தம் வேரைப் பற்றிய செய்தியைக் கேட்டு விண்ணப்பிக்கவும் ஒழுங்குமுறை இடமளிக்கிறது. ஈன்ற தாயின் மறைவைக் காத்து, உரிய அளவில் செய்தி வழங்கப்படும்.

வேரைத் தேடுவது வளர்த்தவரை மறப்பதாகாது. ஈன்ற தாயைக் கண்டபின்னும் சீவகன் வளர்த்தோரைக் கைவிடவில்லை. அரசெய்தியபோது அவர்களைச் சிறப்பித்தான். இறுதியில் விசயை துறவு பூண்டபோது சுநந்தையும் உடன் துறந்தாள். ஈன்ற தாயும் வளர்த்த தாயும் ஒரே நெறியில் சென்ற அக்காட்சி, போட்டியற்ற தாய்மைக்கு அழியாச் சான்று.

தானமும் தாய்மையும்

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கு தானங்களைச் சமணர் போற்றுகின்றனர். தத்துக் குழந்தை இந்நான்கையும் ஒரே வீட்டில் பெறுகிறது. எனினும் ‘தானம்’ என்ற சொல்லை அக்குழந்தையின் செவிபடக் கூறுதல் ஆகாது. “உனக்கு வாழ்வு கொடுத்தோம்” என்று ஒருமுறை கூறினும் மகன் விருந்தினன் ஆகிவிடுவான். பிள்ளைக்குச் சோறிட்டதைத் தானக் கணக்கில் எழுதும் பெற்றோர் இல்லை.

இப்பேரவையில் அமர்ந்திருக்கும் முதியோர் செய்யத்தக்கவை சில உள. மகனும் மருமகளும் தத்தெடுப்பைப் பற்றிப் பேசினால், “இன்னும் ஓராண்டு பார்க்கலாம்” என்று தள்ளாதிருத்தல். வயது வரம்பு காத்திராது. இல்ல ஆய்வுக்கு வரும் பணியாளரிடம், “எங்கள் பேரக்குழந்தையை எதிர்நோக்கியுள்ளோம்” என்று மனமாரக் கூறுதல். குழந்தை வந்ததும் மற்றப் பேரக்குழந்தைகளுக்குச் செய்த பெயர்சூட்டு விழாவை அதே சிறப்போடு செய்து, ஜினாலயத்திற்கு எடுத்துச் சென்று பஞ்ச நமஸ்கார மந்திரத்தை அதன் செவியில் ஓதுதல். ‘தத்துப்பிள்ளை’ என்ற அடைமொழியை வாயினின்றும், அதனினும் முன்னதாக மனத்தினின்றும் நீக்குதல்.

இளையோர் செய்யத்தக்கது ஒன்றே. முடிவெடுத்தபின் உரிய வழியில் பதிவு செய்து, பொறுமையுடன் காத்திருத்தல். காத்திருக்கும் காலத்தில் எங்கோ ஒரு தொட்டிலில் ஒரு குழந்தையும் தன் வீட்டிற்காகக் காத்திருக்கிறது என்பதை நினைந்தால் அப்பொறுமை எளிதாகும்.

அறம் வளர்க, உயிர்கள் தழைக்க.